படைக்குத் தமிழில் பெயர் வைக்கும் முன்

கணினி வியூக விளையாட்டில் தன் படைகளுக்குத் தமிழில் பெயர் வைக்க நினைப்பவர் யாராவது இதைப் படித்துவிட்டுத் தொடங்கினால், எனக்குப் போன பணமும் மாதங்களும் அவருக்காவது மிஞ்சும். நான் இறங்கியபோது கேட்க ஆளில்லை. பாபநாசம் பக்கம் ஒரு உரக்கடையில் கணக்கு எழுதுகிறேன். சம்பா அறுவடை முடிந்து மாசி பிறந்துவிட்டால் கடையில் வேலை குறைந்துவிடும். வாய்க்காலில் தண்ணீர் இருக்காது, வயலில் உளுந்தும் பயறும்தான். அந்த மாதங்களில் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு கணினி முன்னால் உட்கார்ந்து படை நடத்துவது பல வருஷப் பழக்கம். இந்தத் தடவை மாசியில் ஆரம்பித்த பெயர் வேலை, மேட்டூர் திறந்து குறுவைக்கு மூட்டை இறங்கும்வரை இழுத்துக்கொண்டு போனது.

ஏன் பெயர் வைக்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். விளையாட்டு தானாகக் கொடுக்கும் பெயர் '3-ஆம் காலாட்படை', '7-ஆம் குதிரைப்படை' என்று இருக்கும். அவை அழிந்தால் இன்னொன்று எடுத்துக்கொள்வோம், அவ்வளவுதான். பெயர் வைத்த படையை அப்படி விட முடியாது. எந்தப் போரில் எந்தப் பக்கம் நின்றது, யார் மிச்சம் வந்தார்கள் என்பதெல்லாம் நினைவில் நிற்கும். பாதி ஆள் குறைந்த படையை முன்வரிசையில் தள்ளாமல் பின்னால் இழுத்து ஓய்வு கொடுப்போம். ஆட்டமே பொறுப்பானதாக மாறுகிறது. இதை நான் உறுதியாக நம்புகிறேன்.

அதோடு, இந்த வேலையை நம்மூரில் ஆயிரம் வருஷத்துக்கு முன்பே செய்திருக்கிறார்கள். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் இராசராசனின் படைப்பிரிவுகள் பெயர் பெயராக வருகின்றன. பண்டிதசோழ தெரிந்த வில்லிகள், மும்முடிச்சோழ தெரிந்த ஆனைப்பாகர், நிகரிலிச்சோழ தெரிந்த உடனிலைக் குதிரைச்சேவகர், பராந்தக கொங்கவாளர், க்ஷத்ரியசிகாமணி தெரிந்த வலங்கை வேளைக்காரர் என்று நீளும் பட்டியல் அது. 'தெரிந்த' என்றால் தேர்ந்தெடுத்த என்று பொருள், வேளைக்காரர் என்பவர்கள் அரசனுக்காக உயிரையும் கொடுப்பதாகச் சபதம் செய்த வீரர்கள். சுவரில் இருப்பது பழைய எழுத்து, நின்று படிப்பது நம் போன்றவர்களுக்குக் கஷ்டம். ஹுல்ட்ஷ் பதிப்பித்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியில் பாடம் முழுவதும் இருக்கிறது. அதிலிருந்துதான் ஒரு நோட்டில் எழுதி எடுத்தேன். எழுதி முடித்த இரவு எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. இந்தப் பெயர்களோடு ஒரு சோழப் படையைக் கடல் தாண்டி நடத்தலாம் என்று நினைத்தேன்.

விளையாட்டில் பெயர்ப் பெட்டியைத் திறந்து முதல் பெயரை ஒட்டினேன். கட்டம் கட்டமாக வந்தது. அந்த விளையாட்டின் பெயரை இங்கே சொல்லப் போவதில்லை, பழைய விளையாட்டுகள் பலவற்றில் இதே கதைதான். சரி, திரையில்தானே தெரியவில்லை, உள்ளே பெயர் இருக்கும், எழுத்துருவைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இன்னும் சில படைகளுக்கும் வைத்துவிட்டு, அன்றிரவு வெகுநேரம் விளையாடினேன். மறுநாள் சேமிப்புக் கோப்பு திறக்கவில்லை. தானியங்கிச் சேமிப்புகளும் திறக்கவில்லை, ஏனென்றால் அவை எல்லாமே பெயர் வைத்த பிறகு எழுதப்பட்டவை. வாரக்கணக்கில் கட்டிய ராஜ்யம் ஒரே ராத்திரியில் போனது. அன்று கடையில் ரசீது போடக்கூடக் கை வரவில்லை. வீட்டில் சொன்னால், "ஒரு பேருக்காகவா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கீங்க?" என்றாள். அவளுக்கு எப்படிப் புரிய வைப்பது?

காரணம் தெரிய நாளானது. தெரிந்த பிறகு எளிதாகத்தான் இருக்கிறது. பெயர்ப் பெட்டி எழுத்துகளை எண்ணவில்லை, கணினியின் சேமிப்பு அலகான பைட்டை எண்ணுகிறது. அந்தப் பெட்டியின் எல்லை 32 பைட். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட், அதனால் 32 எழுத்து கொள்ளும். தமிழ் யூனிகோடு, யு.டி.எஃப்-8 என்ற சேமிப்பு முறையில் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட் எடுக்கும். புள்ளி ஒரு குறி, கால் ஒரு குறி, கொம்பு ஒரு குறி. 'ஆனைப்பாகர்' நம் கண்ணுக்கு ஆறு எழுத்து. கணினிக்கு அது பத்துக் குறி, 30 பைட். 'மும்முடிச்சோழ தெரிந்த ஆனைப்பாகர்' முழுவதும் 92 பைட். பெட்டி 32-இல் வெட்டும்போது பதினோராவது குறியின் மூன்று பைட்டில் இரண்டு மட்டும் உள்ளே தங்கிவிடுகிறது. அந்த அரைகுறை எழுத்தைச் சேமிப்பில் எழுதிவிட்டு, திரும்பப் படிக்கும்போது நிரல் திணறி நின்றுவிடுகிறது.

அதனால் முதலில் செய்ய வேண்டியது இதுதான். நடந்துகொண்டிருக்கும் ஆட்டத்தில் கை வைக்காதீர்கள். சேமிப்புக் கோப்புறையை அப்படியே ஒரு பென் டிரைவில் நகல் எடுத்துவிட்டு, புதிதாக ஒரு வெற்று ஆட்டம் தொடங்கி, ஒரே ஒரு படைக்கு நீளமான தமிழ்ப் பெயர் வையுங்கள். சேமித்து, விளையாட்டை முழுவதும் மூடி, திரும்பத் திறந்து பாருங்கள். மூடாமல் உள்ளேயே மீள ஏற்றிப் பார்ப்பது போதாது, நினைவகத்தில் இருப்பதை வைத்தே சில நிரல்கள் சமாளித்துவிடும். திறந்தால் அடுத்த வேலை. திறக்காவிட்டால் பெயரைக் குறைத்துக் குறைத்து எல்லை எங்கே என்று கண்டுபிடியுங்கள். கணக்குத் தெரிந்தால் போதும், குறிகளை எண்ணி மூன்றால் பெருக்கி, இடைவெளிக்கு ஒன்று கூட்டிக்கொள்ளுங்கள்.

ஆங்கில எழுத்தில் தமிழ்ப் பெயரை எழுதி வைக்கலாமே என்று நண்பர் ஒருவர் சொன்னார். வைத்தும் பார்த்தேன். லகரமும் ளகரமும் ஒன்றாகிவிடுகின்றன, றகரத்துக்கு வழியே இல்லை, நீளமும் கட்டுப்படவில்லை. அவசரத்துக்கு அது போதும் என்பவர்கள் அதோடு நின்றுகொள்ளலாம், தவறில்லை. எனக்கு மனசு ஒப்பவில்லை.

அடுத்தது பணம் போன கதை. விளையாட்டின் எழுத்துரு சாதாரண எழுத்துரு அல்ல. ஒவ்வொரு எழுத்தையும் படமாக ஒரே தாளில் அடுக்கி, எந்த எண்ணுக்கு எந்தப் படம் என்று பக்கத்தில் ஒரு கோப்பில் எழுதி வைத்திருப்பார்கள். அதில் தமிழைச் சேர்த்துத் தருகிறேன் என்று இணையத்தில் அறிமுகமான ஒருவர் ஒப்புக்கொண்டார். 6,000 ரூபாய் பேசி, 4,000 முன்பணம் ஜிபேயில் அனுப்பினேன். வந்த கோப்பைப் போட்டுப் பார்த்தால் தமிழ் தெரிந்தது, ஆனால் 'தெரிந்த' என்பதில் கொம்பு தகரத்துக்குப் பின்னால் நின்றது. 'கொங்கவாளர்' படிக்கவே முடியவில்லை. புள்ளி எழுத்தின் தலையில் உட்காராமல் பக்கத்தில் தனியாக மிதந்தது. சரிசெய்து தரச் சொன்னேன். பிறகு அவரிடமிருந்து பதிலே இல்லை. 4,000 ரூபாய் எனக்குச் சின்னத் தொகை இல்லை. ஆளைவிட அந்த நிலைமை மேல்தான் கோபம் அதிகமாக வந்தது. ஒரு கொம்பை முன்னால் வைக்க இத்தனை பாடா என்று.

விஷயம் என்னவென்றால், யூனிகோடில் கொம்பு எப்போதும் எழுத்துக்குப் பின்னால்தான் சேமிக்கப்படுகிறது. நம் கைபேசியிலும் உலாவியிலும் அதை முன்னால் நகர்த்தி, புள்ளியைத் தலைக்கு ஏற்றி, எழுத்தை ஒழுங்காகக் கோத்துக் காட்டும் வேலையை ஒரு தனி நிரல் பார்த்துக்கொள்கிறது. பழைய விளையாட்டுகளில் பெரும்பாலும் அது இல்லை. எவ்வளவு அழகான தமிழ் எழுத்துருவைக் கொடுத்தாலும் கோக்க ஆள் இல்லாவிட்டால் துண்டு துண்டாகத்தான் வரும். எனவே யாருக்காவது காசு கொடுத்து இந்த வேலையைச் செய்யச் சொல்வதானால், முன்பணத்துக்கு முன்பே 'கைக்கோளர்', 'கொங்கவாளர்', 'தெரிந்த' என்ற மூன்று சொற்களும் விளையாட்டுக்குள்ளேயே தெரியும் ஸ்கிரீன்ஷாட் ஒன்றை அனுப்பச் சொல்லுங்கள். வேறு நிரலில் எடுத்த படம் வேண்டாம். இந்த மூன்றும் சரியாக வந்தால் மற்றதும் பெரும்பாலும் வரும்.

வழி கிடைத்தது எங்கள் தெருவில் இருக்கும் ஒரு பெரியவரிடம். கும்பகோணத்தில் ஓர் அச்சகத்தில் ஈய எழுத்துக் கோத்த காலத்து மனிதர். பயிருக்கு நுண்ணூட்டம் வாங்கக் கடைக்கு வந்தபோது, நான் தாளில் கொம்பும் காலும் தனித்தனியாக வரைந்துகொண்டிருந்ததைப் பார்த்து என்னவென்று கேட்டார். சொன்னேன். "தம்பி, நாங்க அப்பவே கொம்ப முன்னால வச்சு, எழுத்த வச்சு, அப்பறம் கால வச்சுக் கோப்போம். கண்ணு பாக்குற வரிசையில அடுக்கணும், அவ்வளவுதான். உன் பெட்டியில எடம் நெறைய இருந்தா ஏன் துண்டு போடுற? முழு எழுத்தையே ஒரே அச்சா வார்த்து வச்சுக்க" என்றார். அந்த ஒரு பேச்சில் எனக்குக் கதவு திறந்தது. 'கோ' என்பதை மூன்று துண்டாக நினைக்காமல் ஒரே படமாக வைத்துவிட்டால் கோக்கவே தேவையில்லை!

பிறகு தேடிப் படித்தபோது, இதே கொள்கையில் ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் தனி எண் கொடுக்கும் டேஸ்-16 என்ற குறிமுறை இருப்பதும், தமிழக அரசு 2010-இல் யூனிகோடோடு அதையும் ஏற்றுக்கொண்டதும் தெரிந்தது. ஆனால் டேஸ்-16 எண்களும் மூன்று பைட் எடுக்கும் பகுதியில் இருக்கின்றன. எனக்கோ 32 பைட் நெருக்கடி. யு.டி.எஃப்-8-இல் இரண்டு பைட்டில் அடங்கும் இடங்களில் ரஷ்ய எழுத்து வகைக்கு (சிரிலிக்) ஒரே தொடராக 256 இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். தமிழ் எழுத்து 247. ஆங்கிலத்தில் விளையாடும்போது ரஷ்ய எழுத்து எங்கும் வராது, அதனால் அந்த இடங்கள் சும்மா கிடக்கின்றன. ஒவ்வொரு தமிழ் எழுத்தையும் அங்கே ஒன்றாகக் குடியேற்றினேன்.

வேலைக்கு நான் பயன்படுத்தியது பி.எம்.ஃபான்ட் என்ற இலவச நிரல். அதில் படத்தை ஏற்றி, இந்தப் படம் இந்த எண்ணுக்கு என்று சொல்லும் வசதி இருக்கிறது. ஓவிய நிரலில் ஒவ்வொரு எழுத்தையும் தட்டி, பின்னணி இல்லாத படமாகச் சேமித்து, ஏற்றிக்கொண்டே போனேன். அலுப்பான வேலைதான். 247-ஐயும் செய்ய வேண்டியதில்லை, உங்கள் பெயர்களில் வரும் எழுத்துகள் மட்டும் போதும். ஙகர வரிசையில் எனக்கு 'ங்' ஒன்றுதான் தேவைப்பட்டது. உயரத்தை ஆங்கில எழுத்தைவிடக் கொஞ்சம் குறைத்து வையுங்கள், இல்லாவிட்டால் மேலே இகர வளைவும் கீழே உகரச் சுழியும் வெட்டுப்படும். 'ணை', 'ஞை' போன்ற அகல எழுத்துகளின் அகலத்தைக் கையால் திருத்த வேண்டும். தமிழ் எழுத்து எந்த ரஷ்ய எழுத்து என்பதை ஒரு எக்ஸெல் தாளில் இரண்டு பத்தியாகப் போட்டு வைத்தேன், பெயரை எழுதினால் பக்கத்தில் மாற்றுரு வந்துவிடும், அதை நகலெடுத்துப் பெட்டியில் ஒட்டினால் போதும்.

'பண்டிதசோழ தெரிந்த வில்லிகள்'. பதினைந்து எழுத்து, இரண்டு இடைவெளி. 32 பைட், எல்லைக்குச் சரியாக உட்கார்ந்தது. திரையில் அது முழுசாக வந்து நின்றபோது கண் கலங்கிவிட்டது. 'மும்முடிச்சோழ தெரிந்த ஆனைப்பாகர்' 36 ஆகிவிட்டதால் நடுச்சொல்லை எடுத்துவிட்டு 'மும்முடிச்சோழ ஆனைப்பாகர்' என்று வைத்தேன்.

இத்தோடு முடியவில்லை. சித்திரையில் விளையாட்டுக்கு ஒரு புதுப்பிப்பு வந்து எழுத்துருக் கோப்பை அழித்து அதன் சொந்தக் கோப்பை வைத்துவிட்டது. படைகள் எல்லாம் வெறுமையான பெயர்களோடு நின்றன. இந்தத் தடவை சேமிப்புக்கு ஒன்றும் ஆகவில்லை, பெயர் உள்ளே பத்திரமாக இருந்தது, படம் மட்டும் போய்விட்டது. பென் டிரைவில் நகல் இருந்ததால் திரும்ப வைத்தேன். இரண்டு நாள் கழித்து இன்னொரு சின்னப் புதுப்பிப்பு, மறுபடி போச்சு. விளையாட்டு மாட் கோப்புறையை (ஆடுபவர் தாமே செய்த மாற்றங்களைத் தனியாக வைக்கும் இடம்) ஆதரித்தால் எழுத்துருவை அங்கே வையுங்கள், விளையாட்டின் சொந்தக் கோப்புறைக்குள் வைக்காதீர்கள். பெரிய ஆட்டம் நடக்கும்போது தானியங்கிப் புதுப்பிப்பை நிறுத்துங்கள். கோப்பை மாற்றினால் சில விளையாட்டுகளில் சாதனைப் பதக்கங்கள் கிடைக்காது, நண்பரோடு வலைவழி ஆடும்போது இரண்டு பக்கமும் ஒரே கோப்பு இல்லாவிட்டால் சேரவும் முடியாது. இதையும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி பெயர் வைக்கும் முறை. இங்கேதான் கோயில் கல்வெட்டு எனக்குப் பாடம் எடுத்தது. படைப் பட்டியலில் இடம் குறுகலாக இருந்தால் பெயரின் வால் வெட்டுப்பட்டுத்தான் தெரியும். கல்வெட்டுப் பெயர்களில் வேறுபடுத்திக் காட்டும் பகுதி, அதாவது அரசனின் பட்டப்பெயர், தலையில் வருகிறது. வலங்கை வேளைக்காரர் என்பது பல படைகளுக்குப் பொது, அது கடைசியில் வருகிறது. வால் போனாலும் க்ஷத்ரியசிகாமணி யார், இராஜகண்டீரவ யார் என்பது தெளிவாகத் தெரியும். வில்லா யானையா என்பதை பக்கத்துச் சின்னம் சொல்லிவிடும். நீங்கள் எந்தப் பெயர் வைத்தாலும் சரி, பொதுச்சொல்லை முன்னால் போடாதீர்கள்.

எல்லாப் படைக்கும் முதல் நாளே பெயர் வைக்கவும் வேண்டாம். ஒரு போர் பார்த்து மிஞ்சிய பிறகு வையுங்கள். கேரளாந்தகன், சிங்களாந்தகன் என்ற பட்டங்கள் வெற்றியைச் சொல்பவை, அவையும் படைப்பெயருக்குள் வந்தன. அதே மாதிரி நான் ஒரு கோட்டையைப் பிடித்தால் அங்கே முதலில் ஏறிய படைக்கு அந்த ஊர்ப் பட்டம் கொடுக்கிறேன். புதுப் படைகளுக்கு எண்ணே இருக்கட்டும்.

படையைப் பிரிக்கும்போதுதான் குழப்பம் வரும். பழைய பெயர் எந்தப் பாதிக்கு? இதற்கு நான் நம் ஆறுகளைப் பிடித்துக்கொண்டேன். நீடாமங்கலம் மூணாறு தலைப்பு மதகில் வெண்ணாறு மூன்றாகப் பிரியும்போது ஒரு கிளை வெண்ணாறாகவே போகிறது, மற்ற இரண்டும் கோரையாறு, பாமணியாறு. பெரிய பங்கு எதுவோ அது தாய்ப்பெயரோடு போகட்டும், கிளைகளுக்குப் புதுப்பெயர். காவிரிப் பக்கத்துக் குடமுருட்டி, அரசலாறு, திருமலைராயன், வீரசோழன் எல்லாம் காலாட்படைக்கு. வெண்ணாற்றுப் பக்கத்து வெட்டாறு, ஓடம்போக்கி, பாண்டவையாறு குதிரைக்கு. கப்பல்களுக்குக் கொள்ளிடம். இப்போது பெயரைப் பார்த்தாலே எந்தத் தாய்ப்படையிலிருந்து வந்தது என்று தெரிகிறது.

சேர்க்கும்போது இன்னொரு தொல்லை. அடிபட்ட இரண்டு படைகளை ஒன்றாக்கினால் ஒரு பெயர் காணாமல் போகும், எந்தப் பெயர் நிற்கும் என்பதை விளையாட்டு உங்களைக் கேட்காது. நான் எந்தப் படையை முதலில் தேர்ந்தெடுக்கிறேனோ அதன் பெயர் நிற்கிறது என்பதை வெற்று ஆட்டத்தில் சோதித்துத் தெரிந்துகொண்டேன், உங்கள் விளையாட்டில் மாறி இருக்கலாம், நீங்களும் சோதியுங்கள். சேரும் முன் நோட்டில் எழுதிவிடுங்கள். படை, தாய்ப்படை, போர்கள், முடிவு என்று நான்கு பத்தி போதும். கடையில் மூட்டைக் கணக்கு எழுதும் அதே நீள நோட்டில்தான் நான் எழுதுகிறேன்.

இத்தனை பாடு பட விருப்பமில்லாதவர்கள், பெயர் வசதி எப்படி இருக்கிறது என்று பார்த்தே விளையாட்டைத் தேர்ந்தெடுக்கலாம். ஹார்ட்ஸ் ஆஃப் அயர்ன் 4-இல் டிவிஷன் பெயர்ப் பட்டியலை ஒரு எழுத்துக் கோப்பில் தயாரித்து வைத்துவிட்டால், புதுப் படை எழும்போது வரிசையாகப் பெயர் விழும், ஒவ்வொன்றாக ஒட்ட வேண்டியதில்லை. சிவிலைசேஷன் 6-இல் போர் அனுபவம் பெற்று உயர்வு வாங்கிய படைக்குத்தான் பெயர் வைக்க முடியும், அது எனக்குப் பிடித்த ஏற்பாடு. டோட்டல் வார்: வார்ஹாமர் வரிசையில் தனிப்படைகளின் பெயரை ஆட்டத்தின் நடுவே மாற்றலாம். எதுவானாலும் முதலில் 'கைக்கோளர்' என்று ஒட்டிப் பார்த்துவிட்டு ஆட்டத்தைத் தொடங்குங்கள். எழுத்துப் படங்கள் செய்யும்போது க்ஷ, ஜ, ஸ, ஹ வரிசையிலும் தேவையானவற்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். 247-க்குள் அவை வராது, க்ஷத்ரியசிகாமணியும் ஜனநாதனும் பட்டியலில் இருக்கிறார்கள். 256-இல் மிச்சம் ஒன்பது இடம்தான், போதாவிட்டால் அதற்கு அடுத்து வரும் இடங்களும் இரண்டு பைட்தான், தாராளமாக எடுத்துக்கொள்ளலாம்.